காலை மாத்திரை பதினொன்றரை மணிக்கே தீர்ந்துவிட்டால்

வாசகியின் கேள்வி: என் மகனுக்கு 9 வயது, நான்காம் வகுப்பு. ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அளவுமீறிய துறுதுறுப்பு) என்று சொல்லி, மனநல மருத்துவர் மீதைல்ஃபெனிடேட் 10 மி.கி. மாத்திரையைக் காலையில் ஒன்று கொடுக்கச் சொன்னார். ஏழரை மணிக்குக் கொடுக்கிறேன். முதல் மூன்று பீரியடு ஒழுங்காக எழுதுகிறான், அப்புறம் மறுபடி பழைய கதைதான் என்கிறார் டீச்சர். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தால் எதற்கெடுத்தாலும் அழுகை, கோபம். நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கும் இதே பிரச்சினை. அவள் காலையில் போடும் ஒரு வைவான்ஸ் கேப்ஸ்யூல் சாயங்காலம் வரை தாங்குகிறதாம். "அதுதான் பவர்ஃபுல், ஜூலையில் வரும்போது எடுத்து வருகிறேன்" என்கிறார். மாமியாரோ, "இது போதை மருந்து, பிள்ளையை மந்தமாக்கிவிடும்" என்கிறார். எங்கள் டாக்டர் அடுத்த முறை 18 மி.கி. நீண்ட நேர மாத்திரைக்கு மாற்றலாம் என்றார். பத்திலிருந்து ஒரேயடியாகப் பதினெட்டா? அவனுக்கு மாத்திரை விழுங்க வராது, பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா? துள்ளுகிற பிள்ளைக்குத் தூண்டுகிற மருந்தை ஏன் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு முதலில் புரியவில்லை.

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றவை தானாகப் பிடிபடும்.

ஒன்றில் கவனம் வைப்பது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குவது, எழுந்து ஓடத் தோன்றினாலும் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அது சரியாக வேலை செய்ய டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்கள் சரியான அளவில் கிடைக்க வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளிடம் இந்த ஏற்பாடு கொஞ்சம் மந்தமாக ஓடுகிறது. மருந்து தூண்டுவது கை கால்களை அல்ல, அடக்கி ஆளுகிற அந்தப் பகுதியைத்தான். அது விழித்துக்கொண்டால் பிள்ளை நிதானமாகிறான். அளவு முக்கியம். இந்த ரசாயனங்கள் குறைந்தாலும் முன்மூளை தடுமாறும், மிஞ்சினாலும் தடுமாறும்.

'ஏ.டி.எச்.டி. உள்ளவனைத்தான் இந்த மருந்து அமைதிப்படுத்தும், மற்றவர்களைத் துள்ள வைக்கும்' என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. அது உண்மையில்லை. 1978-லேயே அமெரிக்காவில் ஜூடித் ராப்போபோர்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், எந்தப் பிரச்சினையும் இல்லாத சிறுவர்களுக்கு ஒரு வேளை டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் துறுதுறுப்பு குறைந்தது, கவனம் கூடியது. அதனால் 'மாத்திரை கேட்டது, அப்படியானால் நோய் உறுதி' என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நோயைக் கண்டுபிடிப்பது, வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பொறுமையாக விசாரித்துத்தான்.

இனி உங்கள் மகனின் மாத்திரையும் நாத்தனார் மகளின் கேப்ஸ்யூலும்.

ஒரு நரம்பு செல் டோபமைனை வெளியே விடும். அடுத்த செல் அதைப் பெற்றுக்கொள்ளும். மிச்சத்தை, வெளியே விட்ட செல்லே ஒரு பம்ப் வைத்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மீதைல்ஃபெனிடேட் அந்த பம்பை அடைக்கிறது. டோபமைனுக்கு ஒரு பம்ப், நார்அட்ரினலினுக்கு ஒரு பம்ப், இரண்டையுமே அடைக்கிறது. செல் தன் போக்கில் வெளியே விட்டது இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே தங்குகிறது, அவ்வளவுதான். புதிதாக எதையும் அது வெளியே தள்ளுவதில்லை.

ஆம்ஃபெட்டமைன் ரகம் கொஞ்சம் வேறு. நாத்தனார் சொல்லும் வைவான்ஸும், அமெரிக்காவில் பெயர்போன ஆடராலும் இந்த ரகம். இது பம்பை மறிப்பதோடு நிற்காமல் அதன் வழியாகவே செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே சின்னச் சின்னப் பைகளில் சேமித்திருக்கும் டோபமைனைக் கசியவிட்டு, பம்பையே எதிர்த்திசையில் ஓட வைக்கிறது. உள்ளே இழுக்க வேண்டிய பம்ப் வெளியே கொட்டுகிறது. மில்லிகிராமுக்கு மில்லிகிராம் பார்த்தால் ஆம்ஃபெட்டமைனின் வேகம் அதிகம்தான். அதற்கேற்ப டாக்டர்கள் அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள் என்பதால் 'பவர்ஃபுல்' என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. ஏறத்தாழ பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கும் ரகமே கேட்கும். கேட்காதவர்களில் பலருக்கு மற்ற ரகம் கேட்கும். யாருக்கு எது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியாது, கொடுத்துப் பார்த்துத்தான் தெரியும். 2018-ல் ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு வந்தது. பலன், பக்கவிளைவு இரண்டையும் சேர்த்து எடைபோட்டு, பிள்ளைகளுக்கு முதலில் மீதைல்ஃபெனிடேட், பெரியவர்களுக்கு ஆம்ஃபெட்டமைன் என்று சொன்னது. ஆக, உங்கள் மகனுக்கு எழுதப்பட்டது இந்தியாவில் வேறு வழியில்லாமல் கொடுத்த இரண்டாந்தரச் சரக்கு இல்லை. இங்கிலாந்தில் இருந்தாலும் அவனுக்கு முதலில் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

நாத்தனாருக்கும் உங்களுக்கும் நடக்கும் வாதத்தின் நிஜமான விஷயம் நேரம். அதைத்தான் நீங்கள் இருவரும் பவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மீதைல்ஃபெனிடேட்டின் ஆயுள் குறைவு. கல்லீரலில் உள்ள ஒரு என்சைம் அதைச் சீக்கிரமே உடைத்துவிடும். ரத்தத்தில் இருக்கும் அளவு இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும். சாதாரண 10 மி.கி. மாத்திரை அரைமணி, முக்கால் மணியில் வேலையைத் தொடங்கி மூன்றரை, நான்கு மணி நேரம் தாங்கும். ஏழரைக்குக் கொடுத்தால் பதினொன்றரை. உங்கள் டீச்சர் கடிகாரம் வைத்துப் பார்த்தது போலச் சொல்லியிருக்கிறார். மருந்து நன்றாக வேலை செய்கிறது, செய்ய வேண்டிய நேரத்துக்குச் செய்துவிட்டுப் போய்விடுகிறது. இந்த உடைக்கும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால்தான் எடையை மட்டும் வைத்து 'இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லி' என்று கணக்குப் போடாமல், குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுகிறோம்.

வைவான்ஸ் நாள் முழுக்கத் தாங்குவதற்குக் காரணம் அழகானது. அந்த கேப்ஸ்யூலில் இருப்பது லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன். டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைனோடு லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒட்டிவைத்திருக்கிறார்கள். நம் பருப்பிலும் பாலிலும் இருக்கிற அதே லைசின்தான். ஒட்டியிருக்கும் வரை அந்த மருந்துக்கு வேலையே இல்லை. ரத்தத்துக்குள் போன பிறகு, சிவப்பணுக்கள் லைசினைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அளவுக்குத்தான் மருந்து வெளிவரும். அதோடு டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைனே உடலில் மெதுவாகக் குறையக்கூடியது, பாதியாகப் பத்து மணி நேரம் போலப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து பிள்ளைகளிடம் 12, 13 மணி நேரம் வரை தாங்குகிறது. 2007-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சாயங்கால டியூஷனுக்கு இது வசதி. ராத்திரி பத்து மணிக்கும் தூக்கம் வராமல் கிடக்கும் பிள்ளைக்கு இதுவே தலைவலி.

உங்கள் டாக்டர் சொன்ன 18 மி.கி. மாத்திரை வேறு உத்தியில் அதே பிரச்சினையைத் தீர்க்கிறது. மருந்து அதே மீதைல்ஃபெனிடேட், மாறுவது மாத்திரையின் கட்டுமானம். இந்த வகையில் முதலில் வந்தது கான்செர்ட்டா, ஆண்டு 2000. வெளிப்பூச்சில் கொஞ்சம் மருந்து, சுமார் 4 மி.கி., முதல் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும். மிச்சம் உள்ளே, கரையாத ஓட்டுக்குள் இருக்கிறது. அந்த ஓட்டின் ஒரு முனையில் லேசரால் போட்ட நுண்ணிய துளை. குடலில் இருக்கும் தண்ணீர் ஓட்டுக்குள் ஊறி நுழையும். அடியில் இருக்கும் ஒரு அடுக்கு உப்பி, மேலே உள்ள மருந்தைத் துளை வழியாக மெல்ல மெல்லத் தள்ளும். 10 முதல் 12 மணி நேரம் தாங்கும். இதில் மருந்து நேரம் போகப் போகக் கூடுதலாக வெளிவரும்படி செய்திருக்கிறார்கள். ஜேம்ஸ் ஸ்வான்சன் என்ற ஆய்வாளரின் குழு, ஒரே அளவில் சீராகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மதியத்துக்குள் பலன் மங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்ததுதான் அதற்குக் காரணம். வேலை முடிந்த ஓடு மலத்தில் முழு மாத்திரை மாதிரியே வெளியே வரும். அதைப் பார்த்து 'செரிக்கவே இல்லை' என்று பதறி இன்னொரு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள்.

10-லிருந்து 18 என்றதும் பயந்துவிட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். 18 மி.கி. நீண்ட நேர மாத்திரை என்பது, 5 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று முறை கொடுப்பதற்குச் சமம். ஒரு நேரத்துக்குப் பார்த்தால் இப்போது கொடுப்பதைவிடக் குறைவு. அதனால் மாற்றிய முதல் வாரம் 'பழைய மாத்திரையே தேவலாம் போலிருக்கிறதே' என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். அப்போது டாக்டர் ஒரு படி ஏற்றுவார். அது நோய் முற்றிவிட்டதன் அடையாளம் இல்லை.

பொடிப்பது கூடவே கூடாது. தேனிலும் வேண்டாம், வாழைப்பழத்திலும் வேண்டாம், பாதியாக உடைத்தும் வேண்டாம். ஓட்டை நொறுக்கினால் பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். வேறு சில நீண்ட நேர கேப்ஸ்யூல்கள் உள்ளே குருணை குருணையாக இருக்கும். அவற்றில் சிலவற்றைத் திறந்து ஆறிய மென்மையான உணவில் தூவிக் கொடுக்கலாம், ஆனால் குருணையைக் கடிக்கக் கூடாது. உங்களுக்கு எழுதுவது எந்த வகை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்கப் பழக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. பள்ளி இல்லாத நாளில் சீரக மிட்டாயிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு வாய் தண்ணீர், நாக்கின் நடுவில் மிட்டாய், தலையை ரொம்ப அண்ணாக்காமல் ஒரே விழுங்கு. அது வந்ததும் கொஞ்சம் பெரிய மிட்டாய். சில பிள்ளைகளுக்குத் தண்ணீரைவிட ஒரு ஸ்பூன் தயிரோடு சுலபமாக இறங்கும். பக்கத்தில் நின்று பாருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

அதுவரைக்கும் இன்னொரு வழி இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். மதிய இடைவேளையில் பள்ளியிலேயே இரண்டாவது சின்ன மாத்திரை கொடுப்பது. பள்ளி ஒத்துழைத்தால் மலிவான, எளிய வழி. எல்லார் முன்னாலும் 'ஏய், உன் மாத்திரையைப் போட்டியா?' என்று கூவுகிற பள்ளியாக இருந்தால் வேண்டாம். என் பார்வையில் நீண்ட நேர மாத்திரையின் பெரிய லாபமே இந்த ரகசியம் காப்பதுதான்.

நாலு மணி அழுகைக்கு வருகிறேன். மருந்தின் வேலை முடிந்து இறங்கும் நேரத்தில் சில பிள்ளைகள் ஒரு மணி நேரம் போலச் சிடுசிடுப்பார்கள், பழைய துறுதுறுப்பு இரண்டு மடங்காக வரும். உங்கள் மகனுக்கு அது பதினொன்றரை, பன்னிரண்டு வாக்கில் நடந்திருக்க வேண்டும். நாலு மணிக்குள் மருந்து பெரும்பாலும் உடலை விட்டுப் போயிருக்கும். எனக்குச் சந்தேகம் அந்த டிபன் பாக்ஸ் மேல்தான். இந்த மருந்துகள் எல்லாமே பசியைக் குறைக்கும். காலையில் அவசரத்தில் ஒரு இட்லி, மதியம் ஒன்றுமில்லை, அப்புறம் பஸ்ஸில் வெயிலில் வீட்டுக்கு வருகிறான். எந்தப் பிள்ளையும் அழும். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள். முட்டை, நெய் விட்ட பொங்கல், கடலை சட்னி என்று சத்தானதாக இருக்கட்டும். மதியம் கட்டாயப்படுத்தாமல் அவனுக்குப் பிடித்ததைக் கொஞ்சமாகக் கொடுத்து அனுப்புங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் சாப்பாடு. ராத்திரி எட்டரைக்கு மறுபடி பசித்தால் இரண்டாவது முறையும் சாப்பாடு போடுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தும் அழுகை நிற்கவில்லையென்றால், என்ன நேரத்தில், எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். நீண்ட நேர மாத்திரைக்கு மாறிய பிறகு இந்தக் குறிப்பு இன்னும் அவசியம். அப்போது மருந்து இறங்கும் நேரம் சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குத் தள்ளிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு எழுந்து மாத்திரை போட்டால் ராத்திரி தூக்கமும் தள்ளிப் போகும்.

உயரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடந்த எம்.டி.ஏ. என்ற பெரிய ஆய்வில், புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்டவர்கள் மூன்று ஆண்டில், சாப்பிடாதவர்களைவிடச் சுமார் 2 செ.மீ. பின்தங்கினார்கள். பயப்பட வேண்டிய அளவு இல்லை, அலட்சியம் செய்ய வேண்டிய அளவும் இல்லை. எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதி வையுங்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டும் லேசாக ஏறும். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் பார்க்க வேண்டும், மறந்தால் நீங்களே கேளுங்கள். உங்கள் வீட்டிலோ கணவர் வீட்டிலோ சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், அல்லது பையன் ஓடி விளையாடும்போது மயங்கி விழுந்திருந்தால், அதை இன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மூக்கடைப்பு சிரப்புகளில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்துகள் இருக்கும், கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாமியார் சொல்வதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. மீதைல்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமைன் இரண்டுமே 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கோகெய்ன் அடைப்பதும் இதே டோபமைன் பம்பைத்தான். வித்தியாசம் வேகத்தில். புகைத்தோ ஊசியிலோ ஏற்றிய கோகெய்ன் நொடிகளில், நிமிடங்களில் மூளையை அடையும், போதை அந்த வேகத்தில்தான் பிறக்கிறது. விழுங்கிய மாத்திரை மூளையில் உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நோரா வோல்கோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூளை ஸ்கேன் ஆய்வுகளில் இதைத் தெளிவாகக் காட்டினார். அதே மாத்திரையைப் பொடித்து மூக்கில் உறிஞ்சினால் கதை மாறிவிடும், அப்படித் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். லைசின் ஒட்டிய மருந்து அந்தக் குறுக்குவழிக்கு அவ்வளவாக ஒத்துவராது, உறிஞ்சினாலும் சிவப்பணுக்கள் தங்கள் வேகத்தில்தான் வெட்டும். எப்படியானாலும் மாத்திரை அட்டையை பீரோவில் பூட்டி வையுங்கள். காலேஜ் படிக்கும் அண்ணனோ சித்தப்பா பையனோ பரீட்சைக்கு முந்தைய ராத்திரி 'ஒண்ணு கொடுங்க' என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

'மந்தமாகிவிடும்' என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. சிரிப்பு, அரட்டை, குறும்பு எல்லாம் போய்ப் பையன் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தால் அது மருந்தின் இயல்பான பலன் இல்லை, அளவு கூடிவிட்டதன் அறிகுறி. குறைக்க வேண்டும், குறைத்தால் சரியாகும். அப்படியும் சரியாகவில்லை, பசியும் தூக்கமும் கெட்டே போகிறது என்றால் ஸ்டிமுலன்ட் (தூண்டும் ரகம்) அல்லாத ஆட்டமாக்ஸெட்டின் இருக்கிறது. அது நார்அட்ரினலின் பம்பை மட்டும் அடைக்கும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், ஆனால் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். மாமியாரைக் கவனித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். வீட்டில் நாள் முழுக்க இருக்கும் பெரியவர்களின் கண்ணுக்குத்தான் இந்த மாற்றம் முதலில் படும்.

ஜூலையில் நாத்தனார் வரும்போது உங்கள் மகனுக்காக எதுவும் எடுத்து வர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஆம்ஃபெட்டமைன் ரக மருந்துகள் இந்தியாவில் இந்தச் சிகிச்சைக்கு விற்பனைக்கு வருவதில்லை. இன்னொருவர் பெயரில் எழுதிய மருந்தை எடுத்து வந்து கொடுத்தால் சட்டச் சிக்கல் அவருக்கு. அளவை ஏற்றி இறக்கிப் பார்க்க இங்கே டாக்டர் இல்லாத சிக்கல் உங்கள் மகனுக்கு. அவருடைய மகளுக்கான மருந்தும் பயணத்துக்குத் தேவையான அளவு மட்டும், மருந்துக்கடை லேபிள் ஒட்டிய அதே பாட்டிலில், மருந்துச் சீட்டோடும் டாக்டர் கடிதத்தோடும் வரட்டும். கிளம்புவதற்கு முன் நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வழியில் துபாய், அபுதாபியில் விமானம் மாறுவதாக இருந்தால் அங்கே விதிகள் இன்னும் கடுமை, அதையும் சேர்த்து விசாரிக்கச் சொல்லுங்கள்.